கோத்தகிரிக்கு அடியில் குழம்பு கொதிக்கிறதா?

கேள்வி: கோத்தகிரியில் வீட்டுக்கு வாணம் தோண்டினோம். நாலடி செம்மண்ணுக்குக் கீழே கடப்பாரை எகிறுகிற கருங்கல். பூமிக்குள் எல்லாம் நெருப்புக் குழம்பு என்கிறார்களே, அப்படியானால் நீலகிரி பழைய எரிமலையா? ஊட்டி ஏரிதான் அதன் வாய் என்கிறார் என் மாமா.
– வாசகர், கோத்தகிரி

பதில்: மாமாவுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தக் குழம்பு. கல்லூரியில் நிலவியல் நடத்திய காலத்திலிருந்து அது என்னை விட்டபாடில்லை.

மேலோட்டுக்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை இருக்கும் கவசம் திடப் பாறைதான். சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டினாலும், மேலே அழுத்தும் பாரம் அதை உருக விடாது. நடுக்கடல் மலைத்தொடர்களின் அடியில் கவசப் பாறை மெல்ல மேலெழும், பாரம் குறையும், அங்கே உருகும். கடல்தரை கண்டத்துக்கு அடியில் சொருகும் இடங்களில், அது உள்ளே கொண்டுபோகும் தண்ணீர் பாறை உருகும் வெப்பநிலையைக் குறைத்துவிடும்.

அங்கேயும் முழுசாக உருகாது. நடுக்கடலில் பத்தில் ஒரு பங்கு, சற்று முன்னே பின்னே. சங்கதியே இதில்தான் இருக்கிறது. குச்சி ஐஸை உறிஞ்சினால் முதலில் இனிப்பும் சாயமும் வந்துவிடும், கையில் வெள்ளைப் பனிக்கட்டி மிஞ்சும் இல்லையா, அப்படி. கவசப் பாறையில் சிலிக்கா (மணலில் நிறைந்திருக்கும் அதே பொருள்) சுமார் 45 சதவீதம், மக்னீசியம் ஆக்சைடு 38 அளவில். அதிலிருந்து பிரிந்து வரும் குழம்பு உறைந்த கரும்பாறையான பசால்ட்டில் சிலிக்கா 50, மக்னீசியம் ஆக்சைடு எட்டு சொச்சம்தான். மக்னீசியம் நிறைந்த ஆலிவின் என்ற கனிமம் கீழேயே தங்கிவிடுகிறது. கடலடி மேலோடு ஆறேழு கிலோமீட்டர் தடிமனுக்கு இந்தப் பசால்ட் வகையறாதான்.

அந்தப் பசால்ட்டே ஈரத்தோடு ஆழத்துக்குப் போய் மறுபடி கொஞ்சம் உருகினால், சிலிக்கா 60, 70 என ஏறி, கிரானைட் சாயலில் எடை குறைந்த பாறை கிடைக்கும். கண்டங்கள் இப்படிச் சேர்ந்தவை. லேசானவை என்பதால் சுலபமாகத் திரும்ப முழுகுவதும் இல்லை.

உங்கள் கருங்கல் பெரும்பாலும் சார்னோக்கைட். (கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் சமாதிக் கல்லும் இந்த ஜாதிதான். அது சென்னைப் பக்கத்திலிருந்து போன கல் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.) புதிதாக உடைத்த முகத்தில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: எண்ணெய்ப் பளபளப்போடு கரும்பச்சை, நீலம் ஓடிய குவார்ட்ஸ், அதிர்ஷ்டம் இருந்தால் கடுகளவு சிவப்புக் கார்னெட். எரிமலையிலிருந்து வழிந்ததல்ல. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேல் வெந்த பாறை. மேலே கிடந்ததெல்லாம் அரித்துப் போய், தரையும் உயர்ந்ததால் உங்கள் கடப்பாரைக்கு எட்டியிருக்கிறது. அதற்கும் கீழே நாற்பது கிலோமீட்டர் போல மேலோடு இருக்கிறது, அப்புறம்தான் கவசம். குழம்பு வந்து வீட்டைத் தொடுமோ என்ற பயம் வேண்டாம். வாணத்தை ஆழப்படுத்தக் கூலிதான் கூடும்.

சரி, மாமா. ஊட்டி ஏரி 1820களில் கலெக்டர் ஜான் சல்லிவன் ஓடைத் தண்ணீரைத் தேக்கி உண்டாக்கியது. பக்குவமாகச் சொல்லுங்கள், கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் வேண்டாம்.