இளம் வயதில் வாள்வீச்சுக் கூடத்தின் பொறுப்பை ஏற்றால் மூத்த மாணவர்கள் மதிப்பார்களா?

கேட்டிருப்பவருக்கு 23 வயது. கம்போடு வாளும் கற்றுத்தரும் சிலம்பக் கூடத்தை ஆசான் ஒப்படைத்திருக்கிறார். மூத்த மாணவர்களோடு வாள் பிடித்துத் திறமையைக் காட்டினால்தான் மதிப்பார்களா என்று கேட்கிறார்.

காட்ட வேண்டாம். நான் காட்டினேன், அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் கூடத்திலும் பல ஆண்டுகளாகக் கம்பு சுற்றும் ஓர் அண்ணன் இருப்பார். ஆசான் உங்கள் பெயரைச் சொன்னதும் அவர் முகம் வாடியிருக்கும். எனக்கு அப்போது 24 வயது. ஆசானுக்குப் பக்கவாதம் வந்து வலக்கையும் பேச்சும் போய்விட்டிருந்தன. படுத்தபடியே இடக்கையால் ஆயுத அறைச் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அந்தச் சாவி தனக்குத்தான் என்று நினைத்திருந்த அண்ணன் கட்டிலருகே நின்றிருந்தார்.

முதல் மூன்று மாதமும் என்னை நிரூபிப்பதிலேயே போயின. காலடி பழகிக்கொண்டிருந்த சிறுவர்களை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, மூத்தவர்களோடு வாளும் கேடயமும் எடுத்து மோதினேன். சுருள்வாள் சுற்றிக் கூட்டம் சேர்த்தேன். பெரும்பாலும் நான்தான் ஜெயித்தேன். ஜெயிக்க ஜெயிக்க அண்ணன் என்னோடு பேசுவது குறைந்துகொண்டே வந்தது.

ஒரு மாலை அவர் மேலிருந்து இறக்கிய வெட்டைக் கேடயத்தில் தாங்கினேன். சத்தம் வேறு மாதிரி கேட்டது. பார்த்தால் அவர் கையில் பிடி மட்டும் இருந்தது. அலகு காற்றில் சுழன்று போய், ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஏழு வயதுச் சிறுமியின் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி மணலில் குத்தி, ஆடிக்கொண்டே நின்றது.

குழந்தைகள் இருக்கும் இடத்தில் வாள் எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். எங்கள் கூடத்தில் சிறுவர்களுக்குக் கம்பு மட்டும்தான். அது கூர் மழுக்கிய பயிற்சி வாள். ஆனாலும் மணலில் இறங்கிய முனை சதையிலும் இறங்கியிருக்கும். தூரமாக உட்கார வைக்காதது என் தவறு, மறுக்கவில்லை. இது எப்போதோ நடப்பதுதானே என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1982இல் ரோமில் நடந்த உலக வாள்வீச்சுப் போட்டியில் எதிராளியின் அலகு முறிந்து முகமூடியைத் துளைத்ததில், ஒலிம்பிக் தங்கம் வென்ற சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ் இறந்துபோனார். முகமூடிக்கும் உடைக்கும் அலகின் எஃகுக்குமான விதிகள் அதன் பிறகுதான் இறுகின. நாம் முகமூடிகூட இல்லாமல் இறங்குகிறோம்.

அன்றிரவு அந்தப் பிடியைப் பிளந்து பார்த்தேன். மரத்துக்குள் போகும் இரும்பு, துரு ஏறி ஏடு ஏடாகப் பிரிந்து கிடந்தது. கைவியர்வை வருடக்கணக்கில் உள்ளே இறங்கி அரித்திருக்கிறது. ரிவிட் அடித்த துளை இரு மடங்காகியிருந்தது. வெளியே அலகு மட்டும் பளபளவென்று இருந்தது. தினமும் எண்ணெய் போட்டுத் துடைப்பவன் நான்தான்.

மறுநாள் இன்னொரு வாளை எடுத்துக்கொண்டு ஆசான் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் அதை இடக்கையில் வாங்கி, காதருகே கொண்டுபோய் இரண்டு முறை குலுக்கினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினோரு ஆண்டுகளாக அவர் ஒவ்வொரு வாளையும் கொடுப்பதற்கு முன் இப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். வணக்கம் வைக்கிறார் என்று நினைத்திருந்தேன். பிடிக்குள் இரும்பு ஆடும் சத்தம் வருகிறதா என்று கேட்டிருக்கிறார்!

ஒரு மாதம் வாளை நிறுத்தினேன். எல்லாப் பிடிகளையும் பட்டறையில் கழற்றி மாற்றினோம். ஐந்து பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். விபத்துக்குப் பயந்து போயிருந்தால் எனக்கு வருத்தமே இல்லை. பணம் கட்டினால் நடக்கும் ஓர் ‘உலக சாதனை’ நிகழ்ச்சி அந்த மாதம் இருந்தது. அதில் வாளோடு நின்று சான்றிதழ் வாங்க முடியாமல் போனதுதான் அவர்கள் குறை. அரசு வேலைக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்தது எனக்கு மனம் நிறைந்த மகிழ்ச்சி. ஆனால் சேர்க்க வரும்போதே, பிள்ளைக்குக் கால் நிலைக்குமா என்று கேட்காமல் எத்தனை மாதத்தில் சான்றிதழ் கிடைக்கும் என்று கேட்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஒரு பிள்ளைக்கு அடி எடுத்து வைக்கச் சொல்லிக்கொடுக்கவே ஆறு மாதம் ஆகும்.

வயதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், கூடத்தை எவ்வளவு தெரியும் என்பதுதான் கேள்வி. கேரளத்தின் வடகரையில், களரி ஆசானான கணவர் இராகவன் குருக்களின் மறைவுக்குப் பின் அவருடைய களரியை, அதாவது களரிப்பயிற்றுக் கூடத்தை, ஏற்று நடத்தியவர் மீனாட்சி அம்மா. 2017இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் பல ஆண்டுகள் கணவரோடு சேர்ந்து அங்கே கற்பித்தவர், அது ஏற்கெனவே அவர் கைபட்ட களரி. எனக்கு ஆசானின் வீச்சு தெரிந்த அளவுக்கு அவருடைய ஆயுத அறை தெரியவில்லை. உங்கள் ஆசான் நன்றாக இருக்கும்போதே அவரோடு அந்த அறைக்குள் போய் உட்காருங்கள். எதை எடுக்கிறார், எதை ஒதுக்குகிறார் என்று பாருங்கள், ஏன் என்று கேளுங்கள்.

அந்த ஒரு மாதமும் பட்டறைக்கு என்னோடு வந்தவர் அண்ணன்தான். மன்னிப்பு கேட்டேன். பதில் சொல்லவில்லை. வாள் பயிற்சி மீண்டும் தொடங்கிய அன்று எனக்கு முன்பே வந்து சாவியைக் கேட்டார், கொடுத்தேன். பதினான்கு வாள்களையும் ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, இரண்டைத் தனியாக எடுத்துவைத்தார்.