பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் சுவரை எடுத்து வெளிச்சம் கொண்டுவர முடியுமா?

தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீட்டில் (மரக்கட்டைகள்மேல் செங்கல் அடுக்கிய தட்டையான கூரை கொண்ட வீடு) கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையிலுள்ள சுவரை இடித்து வெளிச்சமாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம்; ஆனால் முதலில் அண்ணாந்து பார்த்து, தேக்குக் கட்டைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று கவனியுங்கள். அவற்றின் முனைகள் எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கின்றனவோ, அந்தச் சுவர்தான் சுண்ணாம்புக் கலவையில் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிய அந்தக் கனமான தளத்தைத் தாங்குகிறது. அதைத் திறப்பதானால், கூரைக்கு முட்டுக் கொடுத்த பிறகே, கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டுத் தரும் இரும்பு உத்தரத்தை நுழைக்க வேண்டும். கட்டையின் முனையை ஓர் ஆணியால் குத்திப் பாருங்கள். மரம் பொலபொலவென உதிர்ந்தால், அதை மாற்றும் வரை வேறெதையும் தொடாதீர்கள்.

நானாக இருந்தால், சுவரைவிட முற்றத்தையே முதலில் கவனிப்பேன். மழைக்கும் திருட்டுக்கும் அஞ்சிப் பல வீடுகளில் அதன்மேல் தகரம் போட்டு மூடியிருக்கிறார்கள். அதை அகற்றிக் கம்பி வலை அடித்து, அதற்கு மேல் சுற்றிலும் ஓரடி இடைவெளி விட்டு உயர்த்திய கண்ணாடிக் கூரையை அமைத்தால், கூடம் வரை பகல் வெளிச்சம் இறங்குவதோடு சூடான காற்றும் அந்த இடைவெளி வழியே வெளியேறிவிடும். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடங்களில் சிமெண்ட் பூசாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் உப்புப் பூத்துவிடும்.