காயலான் கடை மயிலும் ஐப்பசி மழையும்

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பழைய பைக் செயின், ஸ்பேனர், பேரிங், பல்சக்கரம் எல்லாம் சேர்த்துத் தோட்டத்துக்கு ஒரு மயில் செய்யலாம் என்றிருக்கிறேன். காயலான் கடையில் எதை எடுப்பது, எதை விடுவது? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: கடைக்காரருக்கு எல்லாம் ஒரே இரும்புதான், தராசில் போட்டால் முடிந்தது. உங்கள் வெல்டிங் ராடுக்கு அப்படியில்லை. காந்தம் ஒன்று கொண்டு போனால் அலுமினியம் தனியாகத் தெரிந்துவிடும், அதற்கு மேல் அது பெரிதாக உதவாது. வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு துண்டையும் கிரைண்டரில் லேசாகத் தொட்டுப் பொறியைப் பாருங்கள். கம்பி, தகடு, ஆங்கிள் போன்ற சாதா இரும்பு என்றால் வைக்கோல் நிறத்தில் நீளநீளமாகக் கோடு போகும். அருவாள் அடிப்பவர்கள் தேடி வாங்கும் லாரி வில்பட்டை, பேரிங், பழைய அரம் இதெல்லாம் மத்தாப்பு மாதிரி நுனியில் பூப்பூவாக வெடிக்கும், கார்பன் அதிகம். வார்ப்பிரும்பு என்றால் பொறி குட்டையாக, கொஞ்சம் செக்கச்செவேலென வரும்.

முதல் ரகத்தை, சாதா இரும்புக்கென்றே இருக்கும் 6013 நம்பர் வெல்டிங் ராடு போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டலாம் என்று சொல்ல வந்தேன், இந்த வேலையில் அந்தப் பேச்சு வேண்டாம், ஷீல்டு போட்டுக்கொண்டு ஒட்டலாம். இரண்டாவது ரகம் ஒட்டிய மாதிரியே இருக்கும், ஆறிய பிறகு, சில சமயம் மறுநாள்கூட, வெல்டுக்குப் பக்கத்திலேயே மயிரிழை விரிசல் விடும். அதை முதலில் கேஸ் டார்ச்சில் நன்றாகச் சூடாக்கி, ஒட்டியதும் காய்ந்த மணலிலோ சாம்பலிலோ புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும், அவசரப்பட்டுத் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள். வார்ப்பிரும்புக்கு நிக்கல் ராடு தேவை, ஆரம்பத்தில் அதை விட்டுவிடுவதே நல்லது. பேரிங் குண்டை மயிலுக்குக் கண்ணாக வைப்பதில் ஒன்றும் கெட்டுப்போகாது, எடை தாங்கும் காலும் முதுகும் மட்டும் சாதா இரும்பாகவே இருக்கட்டும். செயினை டீசலில் ஊறவைத்துத் தேய்த்து, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுசாகக் காயவைத்த பிறகே வெல்டிங். கிரீஸ் மிச்சமிருந்தால் புகையும் வரும், வெல்டில் பொத்தலும் விழும்.

கேள்வி: மயிலின் உடம்புக்குப் பழைய பைக் பெட்ரோல் டேங்க் அம்சமாக இருக்கிறது. பல வருஷமாகக் காலியாகத்தான் கிடக்கிறது, வெட்டலாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: வேண்டாம். காலி டேங்கில்தான் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும், பொறி பட்டால் வெடிக்கும். வாய் மூடிய எண்ணெய் டிரம், ஷாக் அப்சார்பர் எதையும் சூடாக்காதீர்கள். 6 எம்எம் கம்பியில் கூடு கட்டி, மேலே தகட்டைத் தட்டி வளைத்து ஒட்டினாலே நல்ல உடம்பு வரும்.

கேள்வி: ஜிஐ பைப்பை வெல்டிங் செய்த அன்று சாயந்திரம் குளிர்ஜுரம் வந்தது. பால் குடித்தால் சரியாகிவிடும் என்கிறார்களே? (வாசகர், சேலம்)

பதில்: பால் குடித்துவிட்டுப் பற்ற வைக்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு, நுரையீரலுக்குப் போகும் புகையை வயிற்றுக்குப் போகும் பால் என்ன செய்யும்? ஜிஐ என்றால் மேலே துத்தநாகப் பூச்சு. சூட்டில் அது வெள்ளைப் புகையாகக் கிளம்பும், அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்து நடுக்கம், ஜுரம், வாயில் ஒரு உலோக ருசி எல்லாம் வரும். பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு அடைத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒட்டுகிற இடத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, வெட்டவெளியில், காற்று பக்கவாட்டில் போகிற மாதிரி நின்று செய்யுங்கள். முகத்தில் கட்டும் கைக்குட்டை இந்தப் புகையைத் தடுக்காது. குரோம் பூசிய பம்பர், சைலன்சரை ஒட்டும்போது வரும் புகை இதைவிட மோசம், அவற்றைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: துருப்பிடித்த அந்தச் செந்நிறம்தான் எனக்குப் பிடிக்கிறது. அப்படியே கிளியர் லாக்கர் அடித்து மொட்டை மாடியில் வைக்கலாமா? வீடு கடலுக்குப் பக்கம். (வாசகி, தூத்துக்குடி)

பதில்: படத்தில் பார்த்து ஆசைப்பட்டிருப்பீர்கள், அதெல்லாம் பெரும்பாலும் கார்டென் எஃகு. செம்பும் குரோமியமும் கொஞ்சம் கலந்திருப்பதால் அதில் மேல்துரு இறுகி உள்ளே இருப்பதைக் காக்கும். காயலான் கடை இரும்பில் துரு செதில் செதிலாக உதிரும், உதிர உதிர உள்ளே அரித்துக்கொண்டே போகும். உப்புக் காற்று பட்டால் கார்டெனுக்கே அந்தப் படலம் நிலைக்காது. துருமேல் அடித்த லாக்கர் வெயிலில் உரியும், உரிந்த இடத்தில் ஈரம் புகுந்து அடியிலேயே வேலையைக் காட்டும்.

உங்கள் ஊருக்கு என் யோசனை: பளபளவென்று இரும்பு தெரிகிற வரை சுத்தம் செய்து, ஜிங்க் எபாக்சி பிரைமர், அதற்கு மேல் துரு நிறத்திலேயே பெயின்ட். நிஜத் துருதான் வேண்டுமென்றால் சிறிய பொருளாகச் செய்து வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், பெயின்டைவிட முக்கியம் தண்ணீர் தேங்காமல் இருப்பது. கிண்ணம் மாதிரி கவிழாமல் நிற்கிற ஒவ்வொரு பாகத்துக்கும் அடியில் ஓட்டை போடுங்கள், இல்லையென்றால் துருவோடு டெங்கு கொசுவும் வளரும், மாநகராட்சி ஆள் வந்து நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போவார். சிலையின் காலை நேரே கான்கிரீட்டில் புதைக்காமல் தகடு ஒட்டி போல்ட் போட்டு நிறுத்துங்கள், இரும்பு கான்கிரீட்டுக்குள் இறங்கும் அந்த விளிம்பில்தான் முதலில் அற்றுப்போகும். மாடி டைல்ஸில் ஏற்கெனவே துருக்கறை விழுந்திருந்தால் ஆக்சாலிக் அமிலம் கலந்த கிளீனர் போதும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மார்பிள் தரையாக இருந்தால் அந்தக் கிளீனரைத் தொடாதீர்கள், பாலிஷ் போய்விடும்.