ஒரே சப்ளையரா, பல ஃபேக்டரிகளா? போன் பார்ட்ஸ் வாங்குபவர்களின் கேள்விகளும் பதில்களும்

சர்வீஸ் பெஞ்சில் சில வருடம், பிறகு பார்ட்ஸ் வாங்கி விற்பதில் பல வருடம் போனவன் நான். பார்ட்ஸை எங்கே, எத்தனை பேரிடம் வாங்குவது என்பது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, மாதம் நூறு டிஸ்ப்ளே வரை போகிறது. எல்லாமே ஒரே சப்ளையர். நேரே ஃபேக்டரிகளிடம் பிரித்து வாங்கினால் விலை குறையும் என்கிறார்கள். மாறலாமா?

பதில்: நூறு டிஸ்ப்ளே என்றால் எத்தனை மாடல் தம்பி? முப்பது மாடல் இருக்கும். ஆக, ஒரு மாடலுக்கு மூன்று, நாலு. இந்த எண்ணிக்கைக்கு ஃபேக்டரி உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரே மாடலில் பெரிய ஆர்டர் கேட்பார்கள். அப்படியும் ஒருவர் மூன்று பீஸ் தருகிறேன் என்றால், பெரும்பாலும் அவரும் உங்களைப் போல வாங்கி விற்பவர்தான்.

விலை குறையுமா? பில்லில் குறையும். மீதியையும் எழுதிப் பாருங்கள். ஒரு டிஸ்ப்ளேக்கு 5 சதவீதம் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். நூறு வாங்கினால் ஐந்து டிஸ்ப்ளேயின் விலை கையில் நிற்கும். இதுவரை நூற்றுக்கு 2 பழுதாகித் திரும்பி வந்தது, புது இடத்தில் 5 ஆகிறது என்றால் மூன்று டிஸ்ப்ளே அங்கேயே போயிற்று. அந்த மூன்று போனையும் மறுபடி திறக்க வேண்டும், கம் சுரண்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் இன்னொரு முறை மன்னிப்புக் கேட்க வேண்டும். இதோடு நாலு இடத்தில் பிரித்தால் நாலு பார்சலுக்கு நாலு ஷிப்பிங் சார்ஜ், நாலு முறை பேங்க் கட்டணம். அந்த 5 சதவீதம் எங்கே போனது என்றே தெரியாது.

உங்கள் நிலையில் நான் இருந்தால் அதிகம் ஓடும் ஐந்தாறு மாடலை மட்டும் தனியாகப் பிரிப்பேன். அந்த மாடல்களுக்கு மட்டும் இரண்டாவது ஆளிடம் விலை கேட்பேன். மீதி இருபத்தைந்து மாடலும் பழைய சப்ளையரிடமே இருக்கட்டும். மாதம் ஒரு பீஸ் போகிற மாடலையும் ஸ்டாக் வைத்துத் தருகிறாரே, அந்த வேலைக்கும் ஒரு விலை உண்டு.

கேள்வி: சார், "நாங்களே ஃபேக்டரி" என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதலில் ஃபேக்டரி என்றால் எது என்று பார்ப்போம். டிஸ்ப்ளேயின் உயிர் பேனல், அதாவது படம் தெரிகிற பாகம். அதைச் செய்பவர்கள் உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்: சாம்சங் டிஸ்ப்ளே, எல்ஜி டிஸ்ப்ளே, பிஓஇ, டியான்மா, விஷனாக்ஸ் போல. நம்மிடம் ஃபேக்டரி என்று பேசுபவர்கள் பேனலை வெளியில் வாங்கி, கிளாஸ் ஒட்டி, ஃபிளெக்ஸ் (வளையும் இணைப்புப் பட்டை) சேர்த்து, ஃப்ரேம் போட்டுத் தருபவர்கள். அதுவும் சுத்தமான அறை, லேமினேஷன் மெஷின் எல்லாம் தேவைப்படுகிற வேலைதான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மூன்று ஃபேக்டரியிடம் வாங்குகிறேன் என்று நீங்கள் நினைக்கும்போது, மூன்று பெட்டிக்குள்ளும் ஒரே பேனல் இருக்கலாம். சீனாவின் ஷென்ஜென் நகரத்தில் உள்ள ஹுவாசியாங்பெய் எலக்ட்ரானிக்ஸ் சந்தையில் கவுன்டர் கவுன்டராக இதுதான் நடக்கிறது.

சோதிக்கச் சில வழிகள். ஒரே ஆள் டிஸ்ப்ளே, பேட்டரி, கேமரா, பேக் கிளாஸ், டூல்ஸ் எல்லாம் விற்றால் அவர் வியாபாரி. சீனக் கம்பெனி என்றால் பிசினஸ் லைசென்ஸ் கேளுங்கள். 18 இலக்கப் பதிவு எண்ணும், என்ன தொழிலுக்கு அனுமதி என்பதும் அதில் இருக்கும். உற்பத்தி என்ற சொல்லே இல்லாமல் வெறும் விற்பனை மட்டும் இருந்தால் புரிந்துகொள்ளலாம். வீடியோ கால் போட்டு, கிளாஸ் ஒட்டும் இடத்தை இப்போதே காட்டச் சொல்லுங்கள். "இன்று லீவு" என்று மூன்று முறை சொன்னால் அங்கே அப்படி ஓர் இடமே இல்லை.

வியாபாரி என்று தெரிந்ததும் ஓடிவிடவும் வேண்டாம். பல ஃபேக்டரியின் சரக்கைப் பார்த்து, மட்டமானதைக் கழித்து, ஒரே பெட்டியில் அனுப்பும் நல்ல வியாபாரி நமக்கு லாபம்தான்.

கேள்வி: மூன்று இடத்தில் வாங்கினால் ஒன்று போனாலும் இரண்டு மிஞ்சுமே. பாதுகாப்புக்காகவாவது பிரிக்கக் கூடாதா?

பதில்: பிரிக்க வேண்டும்தான். போன் தொழிலிலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. 2000 மார்ச் 17 அன்று அமெரிக்காவின் அல்புகர்க்கி நகரில் இருந்த பிலிப்ஸ் சிப் ஆலையில் இடியால் தீப்பிடித்தது. சில நிமிடங்களில் அணைத்தும்விட்டார்கள். ஆனால் புகையும் தண்ணீரும் சுத்த அறைகளைக் கெடுத்துவிட்டன. அங்கிருந்து சிப் வாங்கியவர்களில் நோக்கியாவும் எரிக்ஸனும் முக்கியமானவர்கள். நோக்கியா உடனே ஆட்களை இறக்கி, பிலிப்ஸின் மற்ற ஆலைகளிலும் வேறு கம்பெனிகளிடமும் சரக்குக்கு ஏற்பாடு செய்துகொண்டது. எரிக்ஸனுக்கு அந்தச் சிப்புக்கு வேறு வழியே இல்லை. சுமார் 40 கோடி டாலர் விற்பனை போயிற்று. அடுத்த வருடம் அது தன் போன் தொழிலை சோனியுடன் சேர்த்துக்கொண்டது.

இந்தக் கதையில் நான் கவனிப்பது வேறு. நோக்கியாவுக்கு மாற்று இடங்கள் உண்மையிலேயே வேறு இடங்களாக இருந்தன. நம் மூன்று ஃபேக்டரிகளும் ஒரே நகரம், ஒரே பேனல், ஒரே விடுமுறை. சீனப் புத்தாண்டு வந்தால் மூன்றும் ஒன்றாக மூடும். அதற்கு முன் இரண்டு வாரம் அவசர அவசரமாகச் செய்து தள்ளுவார்கள், ஊருக்குப் போன ஆட்கள் திரும்பிவரப் பின்னால் இரண்டு வாரம் ஆகும். அந்த நேரத்தில் மூன்று பேரின் நம்பர் வைத்திருந்து என்ன பயன்? பக்கத்தில் ஸ்டாக் வைத்திருக்கும் ஒரு மொத்த வியாபாரியோ, உங்கள் அலமாரியில் ஆறு வாரச் சரக்கோ இருந்தால் அதுதான் மாற்று.

இன்னொன்று, இரண்டாவது ஆளை வைத்துக்கொண்டால் அவருக்கு மாதாமாதம் கொஞ்சம் ஆர்டர் போகட்டும், ஐந்தில் ஒரு பங்காவது. வருடம் முழுக்க மறந்துவிட்டு, சரக்குத் தட்டுப்படும்போது மட்டும் கூப்பிட்டால் அவருடைய பழைய வாடிக்கையாளர்களுக்கு அப்புறம்தான் நம் பெயர் வரும்.

கேள்வி: இன்செல், ஹார்ட் ஓஎல்இடி, சாஃப்ட் ஓஎல்இடி என்று மூன்று தரம் சொல்கிறார்கள். ஒவ்வொன்றையும் வேறு வேறு இடத்தில் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். சொல்லப்போனால் பிரிப்பதற்கு நியாயமான காரணம் இதுதான். ஐபோன் எக்ஸ் 2017இல் ஓஎல்இடியுடன் (பேக்லைட் இல்லாமல் தானே ஒளிரும் திரை) வந்த பிறகுதான் இந்தத் தரப் பிரிவே பெரிதானது. இன்செல் என்பது எல்சிடி. பின்னால் பேக்லைட் இருப்பதால் கொஞ்சம் தடிமன், பேட்டரியையும் கூடுதலாகத் தின்னும், கறுப்பு நிறம் சாம்பலாகத் தெரியும். விலை மட்டும் இனிக்கும். ஹார்ட் ஓஎல்இடி கண்ணாடி மேல் செய்தது. நிறம் நன்றாக இருக்கும், ஆனால் பொருத்தும்போது லேசாக வளைந்தாலே விரிசல் விடும். சாஃப்ட் பிளாஸ்டிக் மேல் செய்தது, ஒரிஜினலுக்கு நெருக்கம்.

இன்செல்லில் கெட்டிக்காரராக இருப்பவர் சாஃப்ட்டிலும் அப்படி இருப்பார் என்று இல்லை. ஆகவே தரத்துக்கு ஓர் ஆள். ஒரே தரத்துக்கு மூன்று ஆள் வைத்தால்தான் குழப்பம். ஒரே மாடல், ஒரே விலை, ஆனால் ஒன்று நீலம் அடிக்கிறது, ஒன்று மஞ்சள் அடிக்கிறது என்று வாடிக்கையாளர் இரண்டு போனைப் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்.

கேள்வி: பேட்டரிக்கும் இதே கணக்கா?

பதில்: இல்லை. பேட்டரிக்கு ஒரே ஆள், அதுவும் பேப்பர் சுத்தமாக இருக்கும் ஆள்.

லித்தியம் பேட்டரி பறப்பதற்கு முன் யுஎன் 38.3 என்ற பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும். தனிப் பேட்டரியாகப் போகும் லித்தியம் அயனை 2016 ஏப்ரல் 1 முதல் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற முடியாது. சரக்கு விமானத்திலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. இந்தப் பேப்பர்களைக் கேட்டால் அன்றே அனுப்புபவரும் இருக்கிறார், "அதெல்லாம் கவலைப்படாதீர்கள், வேறு பெயர் போட்டு அனுப்பிவிடுகிறோம்" என்பவரும் இருக்கிறார். இரண்டாமவரின் விலை கண்டிப்பாகக் குறைவாக இருக்கும். பார்சலில் தீப்பிடித்தால் அனுப்பியவரைத் தேட முடியாது, பெறுபவர் முகவரியில் உங்கள் பெயர் இருக்கும்.

பலர் யோசிக்காத இன்னொரு விஷயம்: உப்பிய பேட்டரியை விமானத்தில் திருப்பி அனுப்பவே முடியாது. பழுதான பேட்டரிக்கு அங்கே தடை. ஆகவே "ரிட்டர்ன் எடுத்துக்கொள்வோம்" என்ற வாக்குக்குப் பேட்டரியில் அர்த்தமே இல்லை. போட்டோவும் தேதிக் குறியீடும் பார்த்து அடுத்த பில்லில் கழித்துத் தருபவர் வேண்டும். அந்த நம்பிக்கை ஒருவரிடம் வளரவே ஒரு வருடம் ஆகும். ஐந்து பேரிடம் எப்போது வளர்ப்பது?

மலிவாகக் கிடைக்கிறது என்று குவித்தும் வைக்காதீர்கள். பேட்டரி அலமாரியில் சும்மா இருந்தாலும் அதற்கு வயதாகும்.

கேள்வி: சரக்கு வந்ததும் எத்தனை பீஸ் சோதிக்க வேண்டும் அண்ணே?

பதில்: பெரிய அளவில் வாங்குபவர்களுக்கு ஐஎஸ்ஓ 2859-1 என்ற மாதிரிச் சோதனை முறை இருக்கிறது. 500 பீஸ் லாட்டுக்கு (ஒரே தடவையில் வரும் சரக்கு), அதன் சாதாரண நிலையில், 50 பீஸ் எடுக்க வேண்டும். ஏற்கத்தக்க பழுது 2.5 சதவீதம் என்ற அளவுகோலில், அந்த 50இல் 3 வரை பழுது இருந்தால் ஏற்கலாம், 4 வந்தால் முழு லாட்டையும் மறுக்கலாம். ஆர்டர் போடும்போதே இதை எழுதிக்கொண்டால் பிறகு சண்டை இருக்காது.

நாற்பது, ஐம்பது டிஸ்ப்ளே வாங்குபவர் எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள். ஃபிலிமை உரிக்காமல், ஒட்டாமல், கனெக்டரை மட்டும் மாட்டி வெள்ளைத் திரை, கறுப்புத் திரை, டச் முழுக்க ஒரு கோடு. ஒரு பீஸுக்கு இரண்டு நிமிடம். ஃபிலிம் உரித்த பிறகு எந்த சப்ளையரும் பேச்சுக்கு வரமாட்டார்.

சோதித்ததும் ஃபிளெக்ஸ் மேல் மார்க்கரால் யாருடைய சரக்கு, எந்த மாதம் என்று சிறிதாக எழுதுங்கள். இதைச் செய்யச் சோம்பல் என்றால் இரண்டாவது சப்ளையரை நினைக்கவே வேண்டாம். நான் பட்டதால் சொல்கிறேன். ஒரு காலத்தில் இரண்டு பேரிடம் வாங்கினேன், ஒருவருக்கு மற்றவரைத் தெரியாது. ரிட்டர்ன் பெட்டி கட்டும்போது அவருடைய சரக்கோடு இவருடைய ஏழு டிஸ்ப்ளேயும் போய்விட்டது. பெட்டியைத் திறந்தவர் போட்டோ எடுத்து அனுப்பி, "இது யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். அதன் பிறகு அவர் எனக்குக் கடன் கொடுத்ததே இல்லை.

கேள்வி: ஐபோனில் டிஸ்ப்ளே மாற்றினால் "தெரியாத பார்ட்" என்று வருகிறது. வேறு ஃபேக்டரி சரக்குப் போட்டால் போகுமா?

பதில்: போகாது. பேட்டரிக்கு 2018இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதலும், டிஸ்ப்ளேக்கு 2019இல் வந்த 11 முதலும் போன் பார்ட்டின் அடையாளத்தைச் சரிபார்க்கிறது. அந்தச் செய்தி வராமலிருக்கப் பழைய டிஸ்ப்ளேயின் ஐசியை (சிறு சிப்) எடுத்துப் புதியதில் வைப்பது பெஞ்ச் வேலை. "செய்தியே வராது" என்று சொல்லி விற்பவரிடம் எப்படி என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் விடுங்கள்.

கேள்வி: புது ஃபேக்டரி முழுத் தொகையும் முன்பணமாகக் கேட்கிறது. தரலாமா?

பதில்: வேண்டாம். 30 சதவீதம் முன்னால், மீதி சரக்கு அனுப்பும் முன் என்பது பரவலான வழக்கம். முதல் ஆர்டர் போனால் போகட்டும் என்ற அளவில் இருக்கட்டும். பேங்க் கணக்கு மாறிவிட்டது என்று மெயில் வந்தால் பணம் அனுப்பாமல் போனில் கூப்பிட்டுக் கேளுங்கள். மெயிலை இடையில் பிடித்துக் கணக்கு எண்ணை மாற்றும் திருட்டு இந்தத் தொழிலில் சகஜம்.

கேள்வி: கம்பெனி லோகோ போட்ட ஸ்கிரீன் வாங்கினால் என்ன தப்பு?

பதில்: நார்வேயில் ஒரு சிறிய சர்வீஸ் கடைக்காரர் ஐபோன் 6 வகை ஸ்கிரீன்கள் 63 வரவழைத்தார். 2017இல் சுங்கத்தில் பிடித்தார்கள். லோகோ மேல் மை பூசி மறைத்திருந்தது. ஆப்பிள் வழக்குப் போட்டது. கீழ்க் கோர்ட்டில் கடைக்காரர் ஜெயித்தார், 2020இல் நார்வே உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். 63 ஸ்கிரீனுக்கு மூன்று வருடம் கோர்ட். நாலு ஃபேக்டரியிடம் வாங்கினால், லோகோ இல்லாமல் அனுப்பு என்று நாலு பேருக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். யாராவது ஒருவர் மறந்தாலும் பார்சல் உங்கள் பெயரில்தான் வரும்.

கேள்வி: பத்து வருடப் பழக்கம். இன்னொருவரிடமும் வாங்கப்போகிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

பதில்: நேராகச் சொல்லுங்கள். எந்த மாடல், என்ன விலை கிடைக்கிறது என்றும் சொல்லுங்கள். பாதிப் பேர் விலையைக் குறைப்பார்கள். மீதிப் பேர் அந்த விலைக்கு என்ன தரம் வரும் என்று விளக்குவார்கள், அதைக் காது கொடுத்துக் கேளுங்கள். மறைத்து வாங்கிய என் கதையைத்தான் மேலே படித்தீர்களே.

கேள்வி: சிம் ட்ரே, ஸ்பீக்கர், பட்டன் ஸ்டிரிப், சார்ஜிங் போர்டு?

பதில்: எங்கே மலிவோ அங்கே வாங்கிப் போடுங்கள், சார்ஜிங் போர்டைத் தவிர. அதில் ஐசி இல்லாத மலிவு போர்டு வரும். சார்ஜ் ஏறும், ஃபாஸ்ட் சார்ஜ் ஏறாது. வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் கழித்துத்தான் கவனிப்பார்.