ஹஸ்கிக்கு இஎம்ஐ, நாட்டு நாய்க்கு இன்ஷூரன்ஸ்: இரண்டுமே வேண்டாம்!

கேள்வி: மடிப்பாக்கத்தில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நான் தனியார் பள்ளி ஆசிரியை. கணவருக்குச் சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை, வாரத்தில் மூன்று நாள் நைட் ஷிஃப்ட். இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வருவது 82,000 ரூபாய். வாடகை, கார் லோன், ஸ்கூல் ஃபீஸ், கார்டு பில் எல்லாம் போக 8,000 நின்றாலே பெரிது. எட்டாவது படிக்கும் மகள் இரண்டு வருடமாக நாய் கேட்கிறாள். என் தம்பி தெரிந்த பிரீடரிடம் ஹஸ்கி குட்டி ஒன்றை 38,000 ரூபாய்க்குப் பேசி வைத்திருக்கிறான். “கார்டில் தேய்ச்சுடுக்கா, நோ காஸ்ட் இஎம்ஐ ஆக்கிடலாம், மாசம் மூவாயிரத்துச் சொச்சம்தான்” என்கிறான். கணவருக்கு இஷ்டமில்லை. ஒரு காப்பகத்துக்குப் போனதில் மூன்று நாய்கள் பிடித்தன: மூன்று மாதக் குட்டி ஒன்று, யாரோ விட்டுப்போன ஏழு வயது லாப்ரடார், கருத்தடை ஆன மூன்று வயது நாட்டுப் பெண் நாய். காப்பகத்து நாய் என்றால் செலவு குறையுமா? வருடம் 6,500 ரூபாயில் நாய்க்கு இன்ஷூரன்ஸ் எடுக்கலாமா? கிரெடிட் கார்டில் 46,000 பாக்கி இருக்கிறது, மினிமம் டியூ (மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) தவறியதில்லை. அவசரத்துக்கு 70,000 எஃப்.டி. வைத்திருக்கிறேன்.

பதில்: நாய் பொறுப்பான விஷயம், யோசித்து வாங்குங்கள் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது நாய் அல்ல, “மினிமம் டியூ தவறியதில்லை” என்று நீங்கள் பெருமையாகச் சொல்லும் அந்த வரி.

நீங்கள் இணைத்திருக்கும் ஸ்டேட்மென்ட்டையே எடுத்து வையுங்கள். 46,000 பாக்கிக்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 1,610. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 290. ஆக 1,900. நீங்கள் கட்டும் மினிமம் டியூ 2,300. அசலில் கழிவது 400 ரூபாய்! கார்டில் புதிதாக ஒரு பைசா தேய்க்காவிட்டாலும் இந்தக் கடன் பல வருடம் உங்களோடு குடித்தனம் நடத்தும். இன்னொரு பக்கம் ஏழு சதவீதத்துக்கும் குறைவான வட்டியில் எஃப்.டி. தூங்குகிறது. ஆண்டுக்கு 42 சதவீதம் கொடுத்துக்கொண்டு ஏழு வாங்குகிறீர்கள்.

இதற்கெல்லாம் காரணம் ஒரே பழக்கம். எந்தப் பொருளைப் பார்த்தாலும் “மாசம் எவ்வளவு கட்டணும்?” என்று மட்டும் கேட்பது. வாங்கிய பிறகு அது மாதாமாதம் எவ்வளவு சாப்பிடும் என்று கேட்பதே இல்லை. தம்பிக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் 38,000 என்று சொல்லாமல் “மூவாயிரத்துச் சொச்சம்” என்கிறார். இன்னொன்று. கடைக்காரரோ கம்பெனியோ வட்டியைத் தள்ளுபடியாகத் தந்தால்தான் அது நோ காஸ்ட். குட்டி விற்பவர் எதற்காகத் தரப்போகிறார்? தேய்த்த பிறகு நீங்களாக மாற்றும் இஎம்ஐ-க்கு வட்டி, பிராசஸிங் கட்டணம், அவற்றின் மேல் ஜிஎஸ்டி எல்லாம் உண்டு. அந்தத் தவணை முழுசாக மினிமம் டியூவில் போய் ஏறும்.

ஹஸ்கியின் மாதக் கணக்கைத் தோராயமாகப் போடுவோம். பாக்கெட் உணவு 4,500. முடி பராமரிப்பு 1,000. உண்ணி மருந்து, பூச்சி மருந்து, தடுப்பூசி சேர்த்து 550. அப்புறம் ஏ.சி. குளிர் நாட்டுக்கென்றே இரட்டை அடுக்கு முடியோடு பிறந்த இனம் அது. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் வீட்டில், மே மாதப் பகலில் ஏ.சி. இல்லாமல் வைத்திருப்பது கொடுமை. ஒரு டன் ஏ.சி. பகலில் எட்டு மணி நேரம் கூடுதலாக ஓடினால், இரண்டு மாத பில்லில் சுமார் 480 யூனிட் ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பது தெரிந்ததுதானே? சராசரியாக யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் வைத்தாலும் மாதம் 2,100 வருகிறது. மொத்தம் 8,150. உங்களுக்கு மிஞ்சும் 8,000 முழுக்க அதற்கே போய்விடும், இஎம்ஐ தனி. இப்படி ஆசையாக வாங்கிச் சமாளிக்க முடியாமல் கொண்டுவந்து விடப்படும் இனநாய்களும் காப்பகங்களில் நிற்கின்றன. உங்கள் லாப்ரடாரும் அப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

சரி, அந்த மூன்றில் எது? குட்டியை முதலில் விடுங்கள். காலை ஏழரைக்குக் கிளம்பி நாலரைக்குத் திரும்புகிறவர் நீங்கள். மூன்று மாதக் குட்டிக்கு ஒரு நாளில் மூன்று நான்கு வேளை உணவு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மூத்திரம். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிற மனிதர் தலையில் அதைக் கட்டினால் நாய்க்கும் நிம்மதியில்லை, அவருக்கும் இல்லை. லாப்ரடார் சாதுதான். ஆனால் ஏழு வயதுக்கு மேல் இடுப்பு மூட்டு தேயத் தொடங்கும் இனம் அது. முப்பது கிலோ நாயைத் தினமும் இரண்டு வேளை மூன்று மாடி தூக்கி இறக்குவது யார்? எட்டாவது படிக்கும் பெண்ணா? தரைத்தளத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தம்பதிக்கு அது பொக்கிஷம். உங்களுக்கு அல்ல.

என் ஓட்டு நாட்டு நாய்க்கு. மூன்று வயதில் குணம் படிந்திருக்கும். சென்னை வெயில் அதற்குப் புதிதல்ல, கருத்தடைச் செலவும் மிச்சம். ஆனாலும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். காலையில் ஒரு நாள், மாலையில் ஒரு நாள் போங்கள். கூண்டுக்குள் குரைக்கும் நாய் வெளியே வந்தால் வேறு மாதிரி இருக்கும். சங்கிலியோடு வெளியே கூட்டிவரச் சொல்லி, மகளிடம் கொடுத்துச் சும்மா நில்லுங்கள். தரையை மோந்துவிட்டு ஐந்து நிமிடத்தில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்கிறதா, இல்லை போகிற வருகிற பைக்கையெல்லாம் பார்த்துப் பாய்கிறதா? கூடவே ஒரு ஸ்டீல் தட்டைக் கீழே போட்டுப் பாருங்கள். திடுக்கிட்டு விலகிவிட்டு மறுபடி வந்தால் நல்லது. நடுங்கி மூலையில் ஒடுங்கினால் குக்கர் விசிலும் தீபாவளியும் உள்ள உங்கள் வீட்டில் அதற்குப் பாடுதான். தனியாக விட்டால் ஊளையிடுமா என்று அங்கே சோறு வைப்பவரிடம் கேளுங்கள், அலுவலகத்தில் கேட்காதீர்கள். பகலில் ஒருவர் தூங்கும் வீட்டுக்கு அதுதான் முக்கியம். உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். அப்புறம், காப்பகத்தில் ஆதாரும் வீட்டுச் சொந்தக்காரர் கடிதமும் கேட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம்; கேட்கிற இடம்தான் நல்ல இடம்.

சொந்தக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சொல்லிவிட்டது. ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் நீங்களே கையெழுத்துப் போட்ட நிபந்தனை வேறு விஷயம். மாநகராட்சி உரிமம், மைக்ரோசிப் இரண்டையும் முதல் மாதமே முடித்துவிடுங்கள்.

பணத்துக்கு வருவோம். எஃப்.டி.யை உடைத்து கார்டு பாக்கி 46,000-ஐ ஒரே தடவையில் அடையுங்கள். மிச்சம் 24,000-ஐ மறுபடி டெபாசிட் போடுங்கள். முன்கூட்டி உடைப்பதற்கு வங்கி பிடிக்கும் தொகை நீங்கள் ஒரு மாதம் கட்டும் கார்டு வட்டியைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அவசரப் பணம் குறைகிறதே என்பீர்கள். மாதம் 1,900 ரூபாய் வட்டியாகப் போவதைவிட வேறென்ன அவசரம் வேண்டும்?

நாட்டு நாய்க்குச் சோறு, கோழி, முட்டை எல்லாம் சேர்த்து 2,000, மருந்தும் ஊசியும் 550. இன்ஷூரன்ஸ் வேண்டாம். இந்த பாலிசிகளில் பெரும்பாலும் தடுப்பூசி, பூச்சி மருந்து, ஏற்கெனவே உள்ள நோய் எதற்கும் பணம் வராது. எடுத்த உடனேயும் வராது. காப்பகத்து நாயின் பழைய கதை உங்களுக்கே தெரியாதபோது “ஏற்கெனவே இருந்தது” என்று கைவிரிப்பது சுலபம். அதற்குப் பதில் வங்கியில் மாதம் 600 ஆர்.டி. (தொடர் சேமிப்பு) போடுங்கள், வருடத்துக்கு 7,200 சேரும். பெரிய வைத்தியம் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆக மொத்தம் 3,150. மினிமம் டியூ 2,300 நின்றுபோவதால் கையிலிருந்து கூடுதலாகப் போவது 850 ரூபாய்தான்.

மே மாதம் பள்ளி விடுமுறை தொடங்கும்போது கூட்டி வாருங்கள்; முதல் சில வாரம் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். தம்பிக்கு நாய் மேல் அவ்வளவு பிரியம் என்றால், பொங்கலுக்கு நீங்கள் ஊருக்குப் போகும் நான்கு நாளும் அவர் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாய் ஹாஸ்டலில் ஒரு நாளைக்கு 700 ரூபாய் கேட்கிறார்கள்.