40 நாள் ஆகிவிட்டது, இனி அப்பீல் போட முடியுமா?

கேள்வி: குழாயடிச் சண்டை ஒன்றில் என் தம்பிக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 2 வருடம் தண்டனை ஆகி, இப்போது புழலில் இருக்கிறான். அதே ஜட்ஜிடம் போய்க் கெஞ்சினால் குறைப்பார் என்கிறார் ஒருவர். அப்பீல் போனால் தண்டனை கூடிவிடும் என்கிறார் இன்னொருவர். தீர்ப்பு வந்து 40 நாள் ஆகிவிட்டது. என்ன செய்யலாம் மேடம்?
- வாசகி, வியாசர்பாடி

பதில்: இரண்டு பேர் சொன்னதும் தப்பு, அம்மா. தீர்ப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த ஜட்ஜே நினைத்தாலும் அதை மாற்ற முடியாது. எழுத்துப்பிழை, கணக்குப்பிழை இருந்தால் திருத்தலாம், அவ்வளவுதான். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 403-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது.

குறைக்கும் அதிகாரம் மேல்கோர்ட்டுக்கு உண்டு. உங்கள் தம்பிக்கு அது செஷன்ஸ் கோர்ட். சாட்சிகள் சொன்னதை முதலிலிருந்து படித்துப் பார்த்து விடுதலை செய்யலாம். குற்றம் சரி, தண்டனை மட்டும் அதிகம் என்று குறைக்கவும் செய்யலாம். உங்கள் தம்பி போடும் அப்பீலிலேயே தண்டனையைக் கூட்ட முடியாது. அரசுத் தரப்பு 'தண்டனை போதாது' என்று தனியாக அப்பீல் போட்டால் அந்தப் பேச்சு வரும். அப்போதும் உங்கள் தரப்பைக் கேட்டாக வேண்டும்.

சரி, 40 நாள் விஷயம். கெடு 30 நாள். ஆனால் தீர்ப்பு நகலுக்கு மனு போட்டுக் காத்திருந்த நாட்கள் இதில் சேராது. சான்றிட்ட நகலில் ஒரு முத்திரை இருக்கும்: மனு போட்ட தேதி, நகல் தயாரான தேதி, கொடுத்த தேதி. உங்கள் வக்கீல் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். அப்படியும் நாள் மிஞ்சினால், தாமதத்தை மன்னிக்கக் கேட்டு ஒரு மனு, காரணத்தோடு. பத்து நாள் தாமதத்துக்கு உண்மையான காரணம் இருந்தால் கோர்ட் பெரும்பாலும் கேட்கும். நான் ஜூனியராக இருந்தபோது ஒரு அம்மா மஞ்சள் பையில் தீர்ப்பை மடித்து வைத்துக்கொண்டு எட்டு மாதம் கழித்து வந்தார். "பேசி முடித்துத் தருகிறேன்" என்று ஒரு புரோக்கர் அவரை அலைய விட்டிருந்தார். அந்த எட்டு மாதமும் அவர் மகன் உள்ளே இருந்தான். இன்றைக்கும் என் மனசு ஆறவில்லை. புரோக்கரிடம் போகாதீர்கள்.

அப்பீலோடு, தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்டு இன்னொரு மனுவும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். 2 வருடத் தண்டனைக்கு இது ரொம்ப முக்கியம். இல்லையென்றால் அப்பீல் விசாரணைக்கு வருவதற்குள் பாதித் தண்டனை கழிந்துவிடும். செஷன்ஸிலும் தோற்றால் 90 நாளுக்குள் ஹைகோர்ட்டில் சீராய்வு மனு போடலாம். அங்கே பொதுவாகச் சாட்சியத்தை மறுபடி அலச மாட்டார்கள். சட்டப்படி நடந்ததா, தண்டனை பொருத்தமா என்று பார்ப்பார்கள்.

பணத்துக்குக் கவலை வேண்டாம். காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் உண்டு, வருமானம் கேட்க மாட்டார்கள். சட்ட உதவி எண் 15100-க்கு போன் செய்யுங்கள். அடுத்த தடவை ஜெயிலில் மனு போட்டுத் தம்பியைப் பார்க்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். கோர்ட்டில் இலவசமாகக் கொடுத்த தீர்ப்பு நகல் எங்கே? ஜெயில் அதிகாரி மூலமாக ஏற்கெனவே அப்பீலில் கையெழுத்துப் போட்டிருக்கிறானா?