எம்.எஸ். என்றால் எந்த எம்.எஸ்.?

வணக்கம் சார்,

போன மாதம் அம்மாவுக்கு எக்கோ எடுத்தோம். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'மைல்டு எம்.எஸ்.' என்று போட்டிருந்தது. டாக்டரைப் பார்க்க மறுநாள்தான் நேரம் கிடைத்தது. அதற்குள் தம்பி போனில் தேடிவிட்டான். நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நோய், நடை தடுமாறும், பார்வை மங்கும், முழுசாகக் குணமாகாது என்று ஒவ்வொன்றாக வாசித்தான். அன்று இரவு வீட்டில் யாரும் தூங்கவில்லை. மறுநாள் டாக்டர், "அது இல்லம்மா, வால்வு லேசாகச் சுருங்கியிருக்கு, அவ்வளவுதான்" என்றார். இரண்டு நோய்க்கு எப்படி ஒரே சுருக்கத்தை வைக்கிறார்கள்? ஒரு சுருக்கத்துக்கு ஒரு பொருள்தான் என்று உலகம் முழுக்க விதி போட்டால் என்ன?

ஒரு வாசகி
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்)

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த இரண்டையும் பிரித்துவிடுவோம். உங்கள் அம்மாவுக்கு இருப்பது மைட்ரல் ஸ்டெனோசிஸ். இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் வால்வு சரியாகத் திறக்காமல் வழி குறுகுவது. பெரும்பாலும் சின்ன வயதில் வந்துபோன ருமாட்டிக் காய்ச்சல் விட்டுச்சென்ற தழும்பு அது. தம்பி தேடிப் பிடித்தது மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ். நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற உறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிற நோய். அதைத் தனி நோயாக விவரித்தவர் பிரெஞ்சு மருத்துவர் ழான் மார்ட்டின் ஷார்கோ, 1868-ல். இரண்டுக்கும் முதலெழுத்துகளைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை.

இனி உங்கள் விதி. ஆங்கிலத்தில் 26 எழுத்து. இரண்டிரண்டாகச் சேர்த்தால் 676 சுருக்கம்தான் தேறும். உலகத்தில் இருக்கிற நோய், மருந்து, உலோகம், பட்டம், நாடு, மொழி, கம்பெனி எல்லாம் அந்த 676 நாற்காலியில்தான் உட்கார வேண்டும் என்றால் நடக்கிற காரியமா? எம்.எஸ். என்ற ஒரு நாற்காலியிலேயே எத்தனை பேர் பாருங்கள்.

மூத்தவர் கையெழுத்துப் பிரதி. லத்தீனில் 'மனு ஸ்கிரிப்டும்', கையால் எழுதியது. ஒரு பிரதி என்றால் எம்.எஸ்., பல பிரதிகள் என்றால் எம்.எஸ்.எஸ். ஓர் எழுத்தை இரட்டித்துப் பன்மை காட்டுவது லத்தீன் வழக்கம். பக்கம் என்பதற்கு ஒரு 'பி'யும் பக்கங்களுக்கு இரண்டு 'பி'யும் போடுவது அப்படி வந்ததுதான். அப்புறம் முதுகலை அறிவியல் பட்டம், அறுவை மருத்துவப் பட்டம். டீசல் இன்ஜினில் ஓடும் கப்பலின் பெயருக்கு முன்னால் வரும் 'மோட்டார் ஷிப்'. 1912-ல் கடலுக்குப் போன டென்மார்க்கின் 'செலாண்டியா' பெருங்கடலைக் கடந்த முதல் பெரிய டீசல் கப்பல்களில் ஒன்று. வெல்டிங் பட்டறையில் எம்.எஸ். என்றால் மைல்டு ஸ்டீல், அதாவது கார்பன் குறைந்த இரும்பு. (அங்கே 'எம்' என்பதே மைல்டு; அவர்களிடம் 'மைல்டு எம்.எஸ்.' என்று சொன்னால் சிரிப்பார்கள்.) கம்ப்யூட்டர்காரர்களுக்கு மைக்ரோசாஃப்ட். மொழிக் குறியீட்டுப் பட்டியலில் மலாய் மொழி. நாட்டுக் குறியீட்டில் கரீபியன் கடலில் இருக்கும் மொன்செராட் தீவு.

பெண்களின் பெயருக்கு முன்னால் போடும் 'மிஸ்' என்பதும் (கல்யாணம் ஆகாதவருக்குப் போடும் நான்கெழுத்து 'மிஸ்' அல்ல) இதே இரண்டெழுத்துதான். ஆணுக்கு ஒரே அடைமொழி. பெண்ணுக்கு மட்டும் கல்யாணம் ஆனதா இல்லையா என்று சொல்லும் இரண்டு அடைமொழி. இரண்டுக்கும் பொதுவாக ஒன்றை வைத்தால் என்ன என்று 1901-லேயே அமெரிக்காவில் ஒரு பத்திரிகை யோசனை சொன்னது. 1972-ல் குளோரியா ஸ்டைனம் குழுவினரின் பெண்ணியப் பத்திரிகை அந்த இரண்டெழுத்தையே பெயராக வைத்துக்கொண்டு வந்தது. நியூயார்க் டைம்ஸ் தன் செய்திகளில் அதை ஏற்றுக்கொண்டதோ 1986-ல். ஒரு சுருக்கத்தை உள்ளே விட அவ்வளவு யோசனை!

அளவைகளில்தான் கதை சூடு பிடிக்கிறது. இரண்டும் சின்ன எழுத்து என்றால் மில்லி செகண்ட். முதலெழுத்து சின்னது, இரண்டாவது பெரியது என்றால் மில்லி சீமன்ஸ், மின்கடத்தும் திறனின் அளவு. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று பார்க்கிறவர்கள் தினமும் பார்க்கும் அலகு. முதலாவது பெரிது, இரண்டாவது சிறிது என்றால் மெகா செகண்ட், கிட்டத்தட்ட பதினொன்றரை நாள். இரண்டும் பெரிது என்றால் மெகா சீமன்ஸ். நடுவே ஓர் இடைவெளி விட்டுச் சின்ன எழுத்தில் எழுதினால் மீட்டர்-செகண்ட், அது வேறு கணக்கு. ஒரு வெற்றிடத்துக்குக்கூட அங்கே பொருள் உண்டு. இதையெல்லாம் தமிழில் எழுதும்போது எனக்கு இன்னொரு சங்கடம்: நம் எழுத்தில் சின்னது பெரியது கிடையாது. எல்லாமே எம்.எஸ். ஆகிவிடும். அதனால் அளவைகளைத் தமிழில் விரித்து எழுதுவதே நல்லது என்பது என் கட்சி.

ஆனாலும் இத்தனை பேர் ஒரே நாற்காலியில் இருந்தும் சண்டை அநேகமாக வருவதில்லை. பட்டறைக்காரர் கப்பலைப் பற்றி யோசிப்பதில்லை, சுவடி ஆராய்ச்சியாளர் மில்லி செகண்டைப் பற்றி யோசிப்பதில்லை. சுருக்கம் என்பது ஒரே தொழிலில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்துக்கொண்டது. வெளியாள் கையில் கிடைக்கும்போதும், ஒரே தொழிலுக்குள் இரண்டு பொருள் வந்து சேரும்போதும்தான் வம்பு. உங்கள் வீட்டில் இரண்டும் ஒரே நாளில் நடந்துவிட்டன.

மருத்துவமனையில் இது வெறும் தூக்கக் கேடோடு முடியாது. மார்ஃபின் சல்ஃபேட் கடும் வலிக்கான மருந்து. அளவு மீறினால் மூச்சை அடக்கும். மெக்னீசியம் சல்ஃபேட் கர்ப்பகால வலிப்புக்குக் கொடுப்பது. இரண்டுக்கும் எம்.எஸ். என்று கிறுக்கும் பழக்கம் இருந்தது. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயிண்ட் கமிஷன் 2004-ல் 'எழுதக் கூடாத சுருக்கங்கள்' என்று ஒரு பட்டியல் கொண்டுவந்தது. மருந்துச் சீட்டில் இந்த எம்.எஸ். கூடாது, பெயரை முழுசாக எழுது என்பது அதில் ஒன்று. யூனிட் என்பதற்கு 'யூ' என்று போடுவதும் கூடாது. அவசரத்தில் எழுதினால் பூஜ்யம் மாதிரி தெரியும், 10 யூனிட் இன்சுலின் 100 ஆகிவிடும். நீங்கள் கேட்ட மாதிரி உலகத்துக்கே ஒரு விதி அல்ல இது. ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் போட்ட வேலி. இதுதான் நடக்கக்கூடிய வழி என்று நினைக்கிறேன்.

ஒரு வேடிக்கை. உங்கள் வீடு பிரெஞ்சு பேசும் வீடாக இருந்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. ஷார்கோ வைத்த பிரெஞ்சுப் பெயரின்படி நரம்பு நோய்க்கு அங்கே மூன்றெழுத்து, எஸ்.ஈ.பி. வால்வு குறுகுவதற்கு ஆர்.எம்.

நோயாளியின் கைக்குப் போகும் காகிதத்தில் முடிவுரையை மட்டுமாவது விரித்து எழுத வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. உங்கள் டாக்டரிடமே சொல்லிப் பாருங்கள். அதுவரை, தேடுவதாக இருந்தால் சுருக்கத்தை மட்டும் தனியாகப் போட்டுத் தேடாதீர்கள். கூடவே எக்கோ, வால்வு என்று பரிசோதனையின் பெயரையும் உறுப்பின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். அம்மாவுக்கு அடுத்த முறை எக்கோ எடுக்கும்போது எம்.ஆர்., ஏ.எஸ். என்று வேறு எழுத்துகளும் கண்ணில் படலாம். இந்த எம்.ஆர். ஸ்கேன் எம்.ஆர். இல்லை, அதே மைட்ரல் வால்வில் ரத்தம் பின்னோக்கிக் கசிவது. ஏ.எஸ். என்பது பெருந்தமனி வால்வு குறுகியிருப்பது. மூட்டு டாக்டரிடம் போனால் அதே ஏ.எஸ். முதுகெலும்பை இறுக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ்.